சுக்கானை உடைக்கும் ஓர்கா திமிங்கலங்கள்: படகை நிறுத்தணுமா, ஓட்டணுமா?

நடுக்கடலில் அமைதியாக போய்க்கொண்டிருந்தது அந்த பாய்மர படகு. காலை 9 மணி இருக்கும். திடீரென்று அடியில் இருந்து 'டமார்' என்று ஒரு இடி. பாறையில் மோதிவிட்டதா என்று பார்த்தால், அந்த இடத்தில் பாறை ஏது? அடுத்து சுக்கானில் ஒரு இடி. பிறகு வரிசையாக இடி மேல் இடி. கொஞ்ச நேரத்தில் படகுக்குள் தண்ணீர் ஏற தொடங்கியது.

இது சினிமா காட்சி அல்ல. 2024-ம் ஆண்டு மே மாதம் 12-ந்தேதி நடந்த சம்பவம். இடம், மொராக்கோ நாட்டின் ஸ்பார்டெல் முனையில் இருந்து 14 மைல் தூரத்தில் உள்ள கடல். படகின் பெயர் 'அல்போரான் காக்னாக்'. நீளம் 15 மீட்டர். அதில் இருந்தது 2 பேர்.

வயர்லெசில் அபாய அழைப்பு போனது. ஸ்பெயின் நாட்டு கடல் மீட்பு படையினர், "படகை விட்டு வெளியேற தயாராக இருங்கள்" என்று சொல்லிவிட்டு, அந்த வழியாக போன 'லஸ்கோ' என்ற எண்ணெய் கப்பலை திருப்பிவிட்டார்கள். கப்பல்காரர்கள் 2 பேரையும் ஏற்றிக்கொண்டு ஜிப்ரால்டரில் இறக்கிவிட்டார்கள். ஆள் இல்லாத படகு கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு மூழ்கிப்போனது.

இடித்தது ஓர்கா திமிங்கலங்கள்.

இந்த மாதிரி வீடியோக்கள் வாட்ஸ்-அப்பில் அடிக்கடி சுற்றுகின்றன. 'மனிதனை பழிவாங்கும் திமிங்கலம்' என்று தலைப்பு வேறு போட்டுவிடுகிறார்கள். டீக்கடையில் அதை பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இப்படி மாட்டிக்கிட்டா படகுல இருக்குறவன் என்னதான் செய்வான்?"

கேள்வி எளிதாக தெரிகிறது. ஆனால் இதற்கு நிபுணர்கள் முதலில் ஒரு பதில் சொன்னார்கள். 4 வருடம் கழித்து அதற்கு நேர் எதிரான பதிலை ஸ்பெயின் அரசு சொன்னது.

எந்த கடல், எந்த படகு?

முதலில் ஒன்றை சொல்லிவிடுவோம். ஓர்கா என்றால் உலகத்தில் உள்ள எல்லா ஓர்காவும் இப்படி செய்வது இல்லை. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளை ஒட்டிய அட்லாண்டிக் கடலிலும், ஜிப்ரால்டர் ஜலசந்தியிலும் வாழும் ஒரே ஒரு கூட்டம்தான் இந்த வேலையை தொடர்ந்து செய்கிறது. அந்த கூட்டத்தில் மொத்தமே 40-க்கும் குறைவான ஓர்காக்கள்தான் இருக்கின்றன. அதிலும் படகில் கை வைப்பவை, அதாவது மூக்கை வைப்பவை, 15 அளவில்தான் இருக்கும் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்து இலங்கை கடலிலும் ஓர்காக்கள் எப்போதாவது தென்படுவது உண்டு. அவை படகின் சுக்கானை தேடி வருவது இல்லை.

அடுத்து, அடி வாங்குவது சின்ன படகுகள்தான். 10 முதல் 15 மீட்டர் நீளம் உள்ள பாய்மர படகுகள்தான் அதிகம். சில மோட்டார் படகுகளும், மீன்பிடி படகுகளும் அடி வாங்கி இருக்கின்றன. சரக்கு கப்பல்களுக்கு இதனால் ஆபத்து இல்லை. நம்ம ஊர் பிள்ளைகள் பலர் சரக்கு கப்பலிலும் எண்ணெய் கப்பலிலும் வேலை பார்த்து ஜிப்ரால்டர் வழியாக போய் வருகிறார்கள். அவர்கள் வீட்டில் யாரும் இந்த வீடியோவை பார்த்து பயப்பட வேண்டியது இல்லை. அந்த கப்பலின் சுக்கான் ஒரு வீடு அளவுக்கு இருக்கும். ஓர்காவால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

2020-ம் ஆண்டு மே மாதம் ஜிப்ரால்டர் பக்கம் முதல் சம்பவம் பதிவானது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 52 சம்பவங்கள். 2021-ல் 197. 2022-ல் 207. 2024-ம் ஆண்டு மே மாதம் வரை சேர்த்து பார்த்தால் ஏறக்குறைய 700 என்று 'அட்லாண்டிக் ஓர்கா பணிக்குழு' என்ற ஆய்வாளர் அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. இதில் எல்லாமே உடைப்பு அல்ல. வந்து பார்த்துவிட்டு போனதும் உண்டு. ஏறக்குறைய 5-ல் ஒரு படகுக்கு கடுமையான சேதம்.

மூழ்கிய படகுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2022-ம் ஆண்டு ஜூலை கடைசியில் போர்ச்சுகலின் சினெஸ் துறைமுகத்துக்கு வெளியே ஒன்று மூழ்கியது. அதில் இருந்த 5 பேரையும் பக்கத்தில் இருந்த மீன்பிடி படகு காப்பாற்றியது. அதே வருடம் நவம்பரில் வியானா டோ காஸ்டெலோ பக்கம் ஒன்று. 2023 மே மாதம் ஸ்பெயினின் பார்பாத்தே அருகே 'ஷாம்பெய்ன்' என்ற சுவிட்சர்லாந்து படகு. அதே வருடம் அக்டோபர் 31-ந்தேதி மொராக்கோவின் டான்ஜியர் துறைமுகம் அருகே ஒரு போலந்து படகு. அதை 45 நிமிடம் விடாமல் இடித்திருக்கின்றன. 2024 ஜூலையில் பார்பாத்தே பக்கம் மறுபடி ஒன்று. 2025 செப்டம்பர் 13-ந்தேதி லிஸ்பன் நகரை ஒட்டிய கடற்கரைக்கு எதிரே, சுற்றுலா பயணிகளை ஏற்றிப்போன படகு ஒன்று.

இத்தனை சம்பவத்திலும் ஓர்கா கடித்து ஒருவர் கூட சாகவில்லை. அதை நன்றாக கவனிக்க வேண்டும்.

ஏன் சுக்கான்?

நம்ம கடற்கரை மக்களுக்கு சுக்கானை பற்றி விளக்க தேவையில்லை. மற்றவர்களுக்காக சொல்வது என்றால், படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் தொங்கும் பலகைதான் சுக்கான். மேலே சக்கரத்தை திருப்பினால் கீழே பலகை திரும்பும். படகும் திரும்பும்.

இதையே கீழே இருந்து ஓர்கா மூக்கால் தள்ளினால் என்ன ஆகும்? பலகை திரும்பும். அவ்வளவு பெரிய படகும் சேர்ந்து திரும்பும். மேலே சக்கரமும் கிறுகிறுவென்று சுற்றும். இதில் ஓர்காவுக்கு ஒரு சுவாரசியம். குறிப்பாக இளவட்டங்களுக்கு. பெரும்பாலான சம்பவங்களில் வந்தவை வயதுக்கு வராத குட்டிகளும், இளசுகளும்தான். ஒன்றிரண்டு பெரிய பெண் ஓர்காக்களும் சேர்ந்துகொள்கின்றன.

இந்த வகை பாய்மர படகுகளில் சுக்கான் பலகை எந்த பிடிமானமும் இல்லாமல் ஒரே ஒரு தண்டில் தொங்கிக்கொண்டிருக்கும். லேசாக தள்ளினாலே ஆடும். வேகமாக போகவும் சட்டென்று திரும்பவும் அப்படி செய்து வைத்திருக்கிறார்கள். ஓர்காவுக்கு அதுவே வசதியாக போய்விட்டது.

'ஷாம்பெய்ன்' படகில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். வந்தது 3 ஓர்காக்கள். 2 சின்னது, ஒன்று பெரியது. சின்னது இரண்டும் பின்னால் சுக்கானை போட்டு ஆட்ட, பெரியது தள்ளிப்போய் ஓடி வந்து பக்கவாட்டில் இடித்ததாம். அதை பார்த்த சின்னது இரண்டும் அதே மாதிரி தள்ளிப்போய் ஓடி வந்து இடித்தனவாம். படகின் கேப்டன் பிறகு பத்திரிகைக்கு சொன்ன தகவல் இது. ஸ்பெயின் மீட்பு படையினர் பம்பு வைத்து தண்ணீரை இறைத்தும் பலன் இல்லை. கட்டி இழுத்து வரும்போது, துறைமுகத்தை நெருங்கும் நேரத்தில் படகு மூழ்கியது. ஆட்கள் 4 பேரும் பிழைத்தார்கள்.

அது பழிவாங்கலா, விளையாட்டா? ஒரு பெண் ஓர்கா படகில் அடிபட்டதால் கோபத்தில் ஆரம்பித்தது என்று ஒரு யூகம் 2023-ல் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அந்த ஓர்காவுக்கு 'வெள்ளை கிளாடிஸ்' என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2024 பிப்ரவரியில் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் சர்வதேச திமிங்கல ஆணையம் கூட்டிய நிபுணர் கூட்டம், இது தாக்குதல் அல்ல, விளையாட்டு மாதிரியான பழக்கம் என்ற முடிவுக்கு வந்தது. அந்த கூட்டம் சொன்னதில் எனக்கு நம்பிக்கை வருவதற்கு ஒரு காரணம் உண்டு. கொல்ல வேண்டும் என்று ஓர்கா நினைத்தால் 40 அடி படகு எம்மாத்திரம்? பெரிய பெரிய திமிங்கலத்தையே கூட்டம் போட்டு வேட்டையாடும் விலங்கு அது. சுக்கான் உடைந்த உடனேயே பல முறை ஓர்காக்கள் ஆர்வம் இழந்து போய்விட்டன. மூழ்கிய படகில் இருந்து இறங்கி ரப்பர் மிதவையில் உட்கார்ந்திருந்த ஆட்களை அவை தொடவே இல்லை.

ஓர்காக்களிடம் இப்படி திடீர் 'பேஷன்' கிளம்புவது புதிது அல்ல. 1987-ல் அமெரிக்காவின் மேற்கு கடலில் ஒரு ஓர்கா செத்த சால்மன் மீனை தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு சுற்றியது. பிறகு மற்ற ஓர்காக்களும் தொப்பி போட்டன. கொஞ்ச நாளில் அந்த பழக்கம் தானாக மறைந்தது. இங்கே வருடக்கணக்காக மறையவில்லை என்பதுதான் பிரச்சினை.

சாப்பாடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இந்த ஓர்காக்களின் உணவு புளூபின் என்ற பெரிய ரக சூரை மீன். நடுவில் அளவுக்கு மீறி பிடித்ததால் அந்த மீன் குறைந்துபோனது. பிறகு கட்டுப்பாடு போட்டதால் பெருகிவிட்டது. வயிறு நிறைந்தால் பிள்ளைகளுக்கு விளையாட்டு புத்தி வரத்தானே செய்யும்.

முதலில் சொன்ன பதில்: நிறுத்து

2020-ல் சம்பவங்கள் ஆரம்பித்தபோது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்த வருடம் செப்டம்பரில் கலீசியா கடற்கரையின் ஒரு பகுதியில் 15 மீட்டருக்கு குறைவான பாய்மர படகுகள் போகக்கூடாது என்று ஸ்பெயின் அரசு தடையே போட்டது. 2021 ஆகஸ்டில் டிரபால்கர் முனைக்கும் பார்பாத்தேவுக்கும் நடுவே இதேபோல 2 வார தடை.

அப்போது மாலுமிகளுக்கு சொல்லப்பட்ட அறிவுரை இதுதான். பாயை இறக்கு. என்ஜினை நிறுத்து. தானியங்கி ஓட்டும் கருவியை அணைத்துவிடு. சக்கரத்தில் இருந்து கையை எடு. சத்தம் போடாதே, எட்டிப்பார்க்காதே. செத்த மாதிரி இரு.

இதன் பின்னால் உள்ள கணக்கு, ஆடாத பொம்மை குழந்தைக்கு சலித்துப்போகும் என்பதுதான். 2023 ஜூன் மாதம் உலகை சுற்றும் பாய்மர படகு போட்டியின் கடைசி கட்டத்தில், ஜிப்ரால்டர் பக்கம் 2 போட்டி படகுகளிடம் ஓர்காக்கள் வந்தன. அதில் ஒரு படகுக்காரர்கள் போட்டியையும் பார்க்காமல் பாயை இறக்கி வேகத்தை குறைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர்காக்கள் போய்விட்டன. யாருக்கும் காயம் இல்லை.

ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. நிறுத்திய படகில் நிம்மதியாக உட்கார்ந்து சுக்கானை கழற்றியது போல ஆனது சிலர் கதை. கரையில் இருந்து 10, 15 மைல் தள்ளி நிற்கும் படகில் ஓட்டை விழுந்தால் உதவி வந்து சேர நேரம் ஆகும். நிறுத்தி நிற்பது என்றால் அந்த தூரம் குறையவே குறையாது அல்லவா?

இப்போதைய பதில்: நிற்காதே, கரைக்கு போ

2024-ல் ஸ்பெயின் அரசு வெளியிட்ட அறிவுரை நேர்மாறாக இருக்கிறது. ஓர்கா வந்தால் படகை நிறுத்தாதீர்கள். என்ஜினை போட்டு கரையை நோக்கி, ஆழம் குறைந்த இடத்துக்கு போய்க்கொண்டே இருங்கள் என்கிறது.

இதை தப்பாக புரிந்துகொள்ளக்கூடாது. ஓர்காவை ஓட்டத்தில் ஜெயிக்க சொல்லவில்லை. பாய்மர படகு என்ஜினில் போனால் மணிக்கு 10 அல்லது 12 கிலோ மீட்டர். ஓர்கா நினைத்தால் மணிக்கு 50 கிலோ மீட்டருக்கு மேல் பாயும். ஓடி தப்பிக்கவே முடியாது. விஷயம் வேகம் அல்ல, ஆழம்.

ஆழம் இல்லாத இடத்தில் ஓர்கா கீழே போய், திரும்பி, வேகம் எடுத்து மேலே வந்து இடிக்க இடம் பத்தாது. அது தேடும் சூரை மீனும் பெரும்பாலும் ஆழத்தில்தான். அதனால் பாய்மர படகுக்காரர்கள் பலர் 20 மீட்டர் ஆழத்தை ஒட்டியே போகிறார்கள். நம்ம மீனவர்கள் கணக்கில் சுமார் 11 பாகம். அங்கே ஓர்கா வரவே வராது என்று சொல்ல முடியாது. வந்தும் இருக்கிறது. ஆனால் வாய்ப்பு குறைவு. ஓட்டை விழுந்தாலும் கரை பக்கம், உதவி பக்கம்.

கரையை ஒட்டி போவதில் வேறு தலைவலி உண்டு. பார்பாத்தே, சஹாரா, தாரிபா பக்கம் வசந்த காலத்தில் சூரை பிடிக்க 'அல்மத்ராபா' என்ற பெரிய பெரிய வலைகளை கடலில் நிரந்தரமாக கட்டி வைப்பார்கள். ஆயிரக்கணக்கான வருட பழமையான தொழில் அது. ஓர்காக்கள் ஜலசந்திக்கு வரும் மாதங்களும் அதேதான். போர்ச்சுகல் பக்கம் போனால் கூடு வைத்து மீன் பிடிப்பவர்களின் மிதவைகள். இரவில் அந்த கயிறு என்ஜின் விசிறியில் சுற்றினால், ஓர்கா வராமலேயே படகு நின்றுவிடும். டிரபால்கர் முனையில் மணல் திட்டும் பாறையும் இருக்கின்றன. பலத்த காற்று அடிக்கும் நாளில் கரையை ஒட்டி போவது தற்கொலைக்கு சமம். அதனால் அரசு அறிவுரையிலும் 'பாதுகாப்பாக முடிந்த அளவுக்கு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த வார்த்தைதான் முக்கியம்.

உள்ளே இருப்பவர்கள் என்ன செய்யணும்?

முதல் இடி விழுந்ததும் எல்லோரும் செய்யும் தப்பு, செல்போனை எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடுவது. 5 டன் விலங்கு இடிக்கும்போது படகு ஒரே ஆட்டு ஆட்டும். ஓரத்தில் நிற்பவர் தண்ணீரில் விழுவார். ஓர்கா ஒன்றும் செய்யாவிட்டாலும் அட்லாண்டிக் கடலின் குளிரும் அலையும் சும்மா விடாது. எனவே நடு படகில் உட்கார வேண்டும். லைப் ஜாக்கெட் போட வேண்டும்.

சக்கரம் தானாக சுற்றும்போது அதை இறுக்கி பிடித்து மல்லுக்கட்டக்கூடாது. விரலும் மணிக்கட்டும் முறிந்துவிடும். ஆடி முடிக்கும் இடைவெளியில்தான் திருப்ப முடியும். தானியங்கி கருவியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் பல்சக்கரமும் சேர்ந்து நொறுங்கும்.

வயர்லெசில் 16-வது சேனலில் உடனே தகவல் சொல்ல வேண்டும். "இன்னும் ஒண்ணும் ஆகலையே, பார்ப்போம்" என்று காத்திருக்கக்கூடாது. படகு எங்கே நிற்கிறது, எத்தனை பேர் என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்தால், தண்ணீர் ஏறும்போது மீட்பு படகு பாதி வழியில் வந்துகொண்டிருக்கும். 'அல்போரான் காக்னாக்'கில் இருந்த 2 பேரை காப்பாற்றியது அந்த வயர்லெஸ் பேச்சுதான்.

அடுத்ததாக சொல்வதுதான் உயிர் காக்கும் விஷயம். படகு எப்படி மூழ்குகிறது என்று தெரிந்தால்தான் எங்கே பார்ப்பது என்று தெரியும். சுக்கான் பலகை மட்டும் ஒடிந்து விழுந்தால் படகு மூழ்காது. திசை மாற்ற முடியாது, அவ்வளவுதான். ஆனால் பலகையை தாங்கும் தண்டு படகின் அடியை துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. பலகையை பிடித்து ஆட்டும்போது அந்த தண்டு நெம்புகோல் மாதிரி வேலை செய்து, துளையை சுற்றியுள்ள அடிப்பாகத்தையே பிளந்துவிடும். அங்கேதான் கடல் உள்ளே வருகிறது.

அதனால் இடி ஓய்ந்ததும் ஒரு ஆள் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பின்பக்க அறைக்கு போய் அந்த தண்டு வரும் இடத்தை பார்க்க வேண்டும். பல படகுகளில் அதற்கு மேலே சாமான்களை அடுக்கி வைத்திருப்பார்கள். இந்த கடலுக்குள் நுழையும் முன்பே அதை காலி செய்து வைப்பது நல்லது. கசிவு சின்னதாக இருந்தால் துணி, மெத்தை, ரப்பர், மரத்துண்டு, எது கையில் கிடைக்கிறதோ அதை வைத்து அடைக்க வேண்டும். பம்பை ஓட விட வேண்டும். அடைக்க முடியாத அளவுக்கு வந்தால் ரப்பர் மிதவையை தயார் செய்ய வேண்டும். ஆனால் படகு மிதக்கும் வரை அதை விட்டு இறங்கக்கூடாது என்பது எந்த கடலுக்கும் பொருந்தும் பழைய பாடம்.

சுக்கான் போய், படகு மிதந்துகொண்டிருந்தால்? பின்னால் ஒரு கயிற்றில் வாளி, சாக்கு மாதிரி இழுவை கட்டி, அதை இடது பக்கமும் வலது பக்கமும் மாற்றி இழுத்து ஓரளவு திசை மாற்றலாம். காற்றும் அலையும் சாதகமாக இருந்தால் துறைமுக வாசல் வரைக்கும் வந்துவிடலாம். இல்லாவிட்டால் கட்டி இழுக்க ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வெடியும் வேண்டாம், பாட்டும் வேண்டாம்

ஓர்காவை விரட்ட ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். தண்ணீரில் மணலை கொட்டினால் ஓடிவிடும் என்றார்கள். பின்பக்கமாக படகை ஓட்டினால் போய்விடும் என்றார்கள். சிலருக்கு பலித்தது, சிலருக்கு பலிக்கவில்லை. காதை கிழிக்கும் 'ஹெவி மெட்டல்' பாட்டை தண்ணீருக்குள் போட்டால் பயப்படும் என்று ஒரு கூட்டம் பாட்டு தொகுப்பே தயார் செய்தது. 2023-ல் ஒரு படகுக்காரர்கள் அதை போட்டும் பார்த்தார்கள். ஓர்கா பாட்டை கேட்டுக்கொண்டே சுக்கானை உடைத்துவிட்டு போனது!

சத்தம் எழுப்பும் மின்னணு கருவிகளும் விற்கிறார்கள். முதலில் பயந்தாலும் நாளாக ஆக ஓர்காவுக்கு அது பழகிவிடும், சாப்பாட்டு மணி மாதிரி ஆகிவிடும் என்பது நிபுணர்களின் கவலை. அதன் காதுக்கும் கேடு. ஓர்கா சத்தத்தை வைத்துதான் இரை தேடுகிறது, பிள்ளையை கூப்பிடுகிறது.

இன்னும் சிலர் பட்டாசு கொளுத்தி போட்டார்கள். 2023 ஆகஸ்டில் ஜிப்ரால்டர் ஜலசந்தியில் ஒரு படகில் இருந்து ஓர்காக்களை நோக்கி சுடுவது போன்ற வீடியோ வெளியாகி பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. போலீஸ் விசாரணை வரைக்கும் போனது. ஸ்பெயினில் இது சட்டப்படி குற்றம். படகு போச்சே என்ற ஆத்திரம் புரிகிறது. ஆயுசு முழுக்க சேர்த்த பணத்தில் வாங்கிய படகாக இருக்கும். ஆனால் இந்த ஓர்கா இனம் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2019-லேயே உலக இயற்கை பாதுகாப்பு சங்கம் பட்டியலில் சேர்த்துவிட்டது. மொத்தமே 40-க்கும் குறைவு என்னும்போது, கோபத்தில் ஒன்றை சுட்டால் அது ஒரு குடும்பத்தின் தாயாக இருக்கலாம். ஓர்கா கூட்டத்துக்கு தாய்தான் தலைவி. எங்கே மீன் கிடைக்கும் என்று வழி காட்டுவதும் அவள்தான். அடிபட்ட விலங்கு அடுத்த படகிடம் விளையாட்டாகத்தான் வரும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

கிளம்பும் முன்பே பாதி வேலை

அந்த கடலில் அனுபவம் உள்ள மாலுமிகள் இப்போது காற்று, அலை பார்ப்பது போல ஓர்காவையும் பார்த்துவிட்டுத்தான் நங்கூரம் தூக்குகிறார்கள். வசந்த காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் சூரை மீன் மத்திய தரைக்கடலுக்குள் நுழையும். அப்போது ஓர்காக்கள் ஜிப்ரால்டர், பார்பாத்தே பக்கம். கோடை போகப்போக போர்ச்சுகல், கலீசியா என்று வடக்கே நகரும். ஸ்பெயின் அரசின் எச்சரிக்கையும் காடிஸ் வளைகுடா, ஜலசந்தி பகுதிக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை என்றுதான் இருக்கிறது. ஓர்காக்கள் கடைசியாக எங்கே தென்பட்டன என்று காட்டும் செல்போன் செயலிகளும் வந்துவிட்டன. சில ஓர்காக்களின் மேல் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, அவை இருக்கும் பகுதியை அரசே வரைபடமாக வெளியிட்டதும் உண்டு.

போகும் வழியில் ஓர்கா இருக்கிறது என்று தெரிந்தால் 2 நாள் துறைமுகத்தில் கட்டி வைத்து காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். படகை வாடகைக்கு எடுத்தவர்களுக்குத்தான் அது கஷ்டம். திருப்பி கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டதே என்று அவசரப்பட்டு கிளம்புவார்கள்.

சம்பவம் முடிந்து கரை சேர்ந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ஓர்காவின் முதுகு துடுப்பும், அதன் பின்னால் உள்ள சாம்பல் நிற திட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதம். நம்ம கைரேகை மாதிரி. பத்திரமான இடத்தில் இருந்து எடுத்த படம் இருந்தால், வந்தது எந்த ஓர்கா என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுவார்கள். எந்த இடம், எத்தனை மணி, ஆழம் எவ்வளவு, படகு ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்று கேட்டு ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். அடி வாங்காமல் அந்த கடலை கடந்தவர்களிடமும் அதே படிவத்தை நிரப்பித்தர சொல்லி கேட்கிறார்கள். உடைந்தவன் கதை மட்டும் கேட்டால், தப்பித்தவன் என்ன செய்தான் என்பது தெரியாமலே போய்விடும் அல்லவா?